சிவக்காத கத்தி

ஆரஞ்சு மரத்துக்கு மருந்தடிக்க வருஷத்தில் நாலைந்து நாள்தான் வாய்க்கும். பூவிதழில் முக்கால்வாசி உதிர்ந்து, பிஞ்சு மிளகு அளவுக்குத் திரண்டு நிற்கிற சமயம் அது. முந்தி அடித்தால் பூ போய்விடும். பிந்தி, நடுவில் ஒரு மழை பெய்துவிட்டதென்றால் சொறி விழுந்துவிடும். சொறி விழுந்த பிஞ்சு வளரும், பழுக்கும், இனிக்கக்கூடச் செய்யும். ஆனால் தோலெல்லாம் மருவும் பொருக்குமாக இருக்கிற பழத்தை எந்தப் புண்ணியவான் கையில் எடுப்பான்? விழுந்த சொறியைத் துடைத்தெடுக்க இதுவரைக்கும் மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால் தடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்த வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்த நாலைந்து நாளும் தோட்டக்காரர்கள் எல்லாரும் தேடுகிற ஆள் நீலக்கை. முப்பது வருஷமாக, மருந்துக்குக் கலக்கிற நீல மயில்துத்தத்தில் புழங்கிய கை. நகக்கண்ணில் ஏறிய நீலம் எந்தச் சோப்புக்கும் போகாமல் நின்றுபோனதால் வந்த பெயர். அவருடைய மனைவியை நீலக்கை வீட்டம்மா என்பார்கள். இருபத்தாறு வருஷமாக அவர் கூடவே வாளி தூக்குகிறாளே, அவளுக்கென்று ஒரு பெயர் வைப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எத்தனை பேர் வந்து காத்துக்கிடந்தாலும் முதல் டிரம் மருந்து அவருடைய அக்கா தோட்டத்துக்குத்தான். அறுபத்திரண்டு மரம். புருஷன் செத்ததும் பிறந்த வீட்டுக்கே திரும்பிவந்த மகளுக்குத் தோட்டத்தையும், மகனுக்கு வீட்டையும் ஸ்பிரேயரையும் எழுதிவைத்துவிட்டு அப்பா போய்ச்சேர்ந்திருந்தார். அதைப்பற்றி நீலக்கை ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவருக்காக ஊர்தான் வாய் வலிக்கப் பேசியது.

இந்த வருஷமும் அப்படித்தான், பொழுது விடிந்ததும் மூன்று பேரும் அக்கா தோட்டத்தில் நின்றார்கள். வானத்தின் ஒரு மூலையில் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாளே துணியில் முடிந்து தண்ணீரில் தொங்கவிட்ட துத்தம் ஒரு வாளியில் கரைந்து நின்றது. இன்னொரு வாளியில் சுண்ணாம்புப் பால்.

"அக்கா, சுண்ணாம்பு நல்லாக் கொதிச்சுதா?"

"கொதிச்சுதுடா. நேத்தே தண்ணி ஊத்தி வடிகட்டி வச்சுட்டேன். உனக்கு ஒரு வேலை மிச்சம்."

"நீ வேலை மிச்சம் பண்ணிக் குடுத்தா அதுல ஏதாவது வில்லங்கம் இருக்குமே!"

"போடா. சின்ன வயசுல அரை மரத்துக்கு அடிச்சுட்டு ஓடிப்போவான், மீதி அரைக்கு நான்தான் ஏறி அடிப்பேன். கேளு இவனை."

"அந்த அரை மரத்துக்கு அப்பா எனக்கு அரை அடிதான் குடுத்தாரு. மீதி அரை உனக்குத்தான விழுந்துச்சு?"

சிரித்துக்கொண்டே துத்தத் தண்ணீரை அவரும், சுண்ணாம்புப் பாலை மனைவியும் ஒரே நேரத்தில் பிளாஸ்டிக் டிரம்மில் ஊற்றினார்கள். அக்கா நீளக் குச்சியால் கிண்டிவிட்டு, டீ போடத் தோட்டத்து வீட்டுக்குள் போனாள்.

இனிமேல்தான் காரியமே இருக்கிறது. சுண்ணாம்பு குறைந்து துத்தம் தூக்கலாகிவிட்டால் மருந்து இலையை எரித்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய இரும்புக் கத்தி போதும். தேய்த்துச் சுத்தமாக்கிய கத்தியைக் கலவையில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்தால், துத்தம் தூக்கலாக இருந்தால் அதிலுள்ள செம்பு கத்தியில் படிந்து சிவக்கும். சிவந்தால் இன்னும் சுண்ணாம்புப் பால் ஊற்ற வேண்டும், கத்தி சிவப்பது நிற்கும் வரைக்கும் ஊற்ற வேண்டும். நீலக்கை அந்தக் கத்தியை ஸ்பிரேயர் பெட்டியிலேயே போட்டு வைத்திருப்பார்.

அவர் மனைவி பெட்டியைத் துழாவினாள். கத்தி இல்லை. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. போன மாதம் பழைய இரும்புக்காரரிடம் உடைந்த பூட்டு, ஓட்டை வாளி, துருப்பிடித்த கீல் என்று அள்ளிப் போட்டாளே, அந்தச் சாக்கில் கத்தியும் போயிருக்க வேண்டும். சொன்னால் மனுஷர் இங்கேயே குதிப்பார். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வீண் பேச்சு? சாப்பாட்டுப் பையில் வெங்காயம் நறுக்குகிற எவர்சில்வர் கத்தி இருந்தது. கத்தியெல்லாம் கத்திதானே என்று அதை எடுத்து முக்கினாள்.

இரண்டு எட்டு தள்ளி நின்று அவர் கேட்டார். "சிவக்குதா?"

"இல்லங்க."

"வெளிச்சத்துல திருப்பிப் பாரு. எனக்கு வெயில் கூசுது."

"பாத்துட்டேன். பளபளன்னு அப்படியே இருக்கு."

"அப்ப சரி. தூக்கு."

மத்தியானத்துக்குள் அறுபத்திரண்டு மரமும் நீல வெள்ளையாக நனைந்து நின்றன. மரத்தைச் சுற்றிச்சுற்றி வந்து, இலைக்கு மேலும் கீழும் புகை மாதிரி படிய அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றைக்கும் அப்படித்தான் அடித்தார்.

நாலாம் நாள் அக்கா வந்தாள். வாசலில் நின்றபடியே ஒரு கிளையை வீட்டுக்குள் எறிந்தாள். இலையெல்லாம் ஓரம் தீய்ந்து, நடுவில் பொட்டுப்பொட்டாக ஓட்டை. பிஞ்சு கறுத்துச் சுருங்கி, விழுந்த வேகத்திலேயே காம்பைவிட்டு உதிர்ந்து தரையில் உருண்டது.

"என்னடா இது?"

நீலக்கை கிளையை எடுத்து இலையை விரலுக்கிடையில் நிமிண்டினார். மோந்து பார்த்தார். "கருகியிருக்குக்கா."

"அது எனக்குத் தெரியாதா? ஏன் கருகுச்சு?"

"துத்தம் தூக்கிடுச்சு போல."

"போலயா? முப்பது வருஷமா அடிக்கிற. எவன் தோட்டத்துலயாவது ஒரு இலை கருகினது உண்டா? என் தோட்டத்துல மட்டும் எப்படிடா தூக்கும்?"

 அவர் மனைவி குறுக்கே போனாள். "அண்ணி, உள்ள வந்து உக்காருங்க. நின்னுக்கிட்டே..."

"நான் உக்கார வரல. அப்பா எனக்கு எழுதிவச்சது இத்தனை வருஷமா இவன் வயித்துல எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ஊரெல்லாம் சொன்னப்ப நான் நம்பல. என் தம்பி தங்கம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கேட்டிருந்தா பாதி மரம் குடுத்திருப்பேனேடா. எரிச்சுத்தான் காட்டணுமா?"

சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே போய்விட்டாள். நீலக்கை அந்தக் கிளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.  அன்றைக்கு வரவேண்டிய இரண்டு தோட்டக்காரர்களும் வரவில்லை. சேதி அதற்குள் அவர்களிடம் போய்விட்டது.

மறுநாள் அவள் பூச்சிமருந்துக் கடைக்குப் போனாள். எலி மருந்து வாங்குகிற சாக்கு. கடைக்காரர் பேச ஆள் கிடைக்காமல் இருந்தவர்.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரரு இப்படிப் பண்ணிட்டாரே! கத்தி வச்சுப் பாக்கலையா?"

"பாத்தோம். சிவக்கல."

"சிவக்காம எப்படிக் கருகும்? இரும்புக் கத்திதான?"

 "ஏன், எவர்சில்வர்னா என்ன?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்டீங்க போங்க. எவர்சில்வரை ஒரு வாரம் ஊறப் போட்டாலும் செம்பு ஏறாதும்மா. அதுக்குச் சும்மா விரலை விட்டுப் பாத்துக்கலாம். ஏன், யாராவது அப்படிப் பாத்தாங்களா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

எலி மருந்தைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தாள். அட பாவி, பாவி என்று வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அவர் எரிக்கவில்லை. தான் எரித்திருக்கிறோம். அண்ணியின் ஒரு வருஷச் சோற்றை வெங்காயக் கத்தியால் அறுத்திருக்கிறோம். இதில் பழி மட்டும் அந்த மனுஷனுக்கு. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"என்னங்க, நான் ஒண்ணு சொல்லணும். நீங்க என்னை அடிச்சாலும் சரி."

அவர் ஸ்பிரேயரின் குழலைக் கழற்றி ஊதிக்கொண்டிருந்தார். வேலை இல்லாத ஆள் செய்கிற வேலை. "என்ன, சொல்லு."

"அன்னிக்கு நான் முக்கினது நம்ம கத்தி இல்ல. அது பழைய இரும்போட போயிடுச்சு. சமையல் கத்திய முக்கிட்டேன். எவர்சில்வரு. அதுல சிவக்காதாமே. எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

குழல் அவர் வாயருகிலேயே நின்றது. கத்துவார் என்று காத்திருந்தாள். கத்தவில்லை.

"சரி, விடு."

"விடுறதா? இப்பவே அண்ணிகிட்டப் போய்ச் சொல்லிட்டு வரேன். என்னைத் திட்டட்டும். உங்களை வயித்தெரிச்சல்காரன்னு..."

"வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். ஏதோ ஒன்று உறுத்தியது. "நான் முக்கினப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ஆமா."

"மஞ்சப் பிடி போட்ட கத்தி. வெயில்ல மின்னிச்சு. நம்ம கத்தி கரி மாதிரி இருக்கும். பாத்துட்டு நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் குழலைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. போன வருஷமும் வெயில் கூசுகிறது என்று அவளைத்தான் பார்க்கச் சொன்னார். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். கல்யாணப் பத்திரிகை வந்தால், நீயே படி, உன் குரல் நல்லாயிருக்கு என்பார். அதைக் கேட்டு அவளும் ஐம்பது வயதில் வெட்கப்பட்டாளே!

"என்னங்க. கண்ணு தெரியலையா?"

"தெரியுது. ஓரத்துல தெரியுது. நேராப் பாத்தா நடுவுல புகை. மரம் தெரியுது, இலை தெரியல. ஆளு தெரியுது, மூஞ்சி தெரியல."

"எப்போலேருந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"கண்ணாஸ்பத்திரிக்குப் போனீங்களே. சொட்டு மருந்து குடுத்தாங்கன்னு..."

"ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. வெறுங்கையோட வர முடியுமா? சொட்டு மருந்தை நான்தான் கடையில வாங்கினேன்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? இத்தனை வருஷம் கூட வாளி தூக்கினேனே, நான் என்ன கூலிக்கு வந்தவளா?"

"சொன்னா நீ என்னைத் தோட்டத்துக்கு விட்டிருப்பியா?" அவர் குரல் இறங்கிப்போனது. "இந்தா, கேளு. கத்தி மாறினது தெரிஞ்சா அடுத்த கேள்வி என்ன? நீ இப்பக் கேட்டியே, அதேதான். அக்கா கேப்பா, கடைக்காரன் கேப்பான். நீலக்கைக்குக் கண்ணு இல்லன்னு ஆயிட்டா அப்புறம் எவன் கூப்பிடுவான்? வயித்தெரிச்சல்காரன்னே சொல்லட்டும். ரெண்டு வருஷத்துல மறந்துடுவாங்க. இதை மறக்க மாட்டாங்க. எனக்கு வேற எதுவும் தெரியாதுடி. கால்ல விழட்டுமா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சொல்ல மாட்டேன் என்றாள். வேறு என்ன சொல்வாள்?

அதற்கப்புறம் தினமும் அக்கா தோட்டத்துக்குப் போனாள். யாரும் கூப்பிடவில்லை. வாரியை எடுத்துக்கொண்டு, கருகி விழுந்த இலையையும் பிஞ்சையும் மரம் மரமாக வாரிக் குவித்தாள். காய்ந்த குச்சிகளை வெட்டிக் குழியில் போட்டு எரித்தாள். இரண்டு நாள் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தட்டில் ரொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தின்னு. வயிறு காஞ்சுக்கிட்டு வேலை செஞ்சா மட்டும் மரத்துல இலை வந்துடுமா?"

"மிச்சம் எத்தனை காய் தேறும் அண்ணி?"

"பத்துல ரெண்டு நின்னிருக்கு. அதுக்கும் மறுபடி மருந்தடிக்க முடியாது. எரிஞ்ச இலை மேல எதை அடிக்கிறது? மழை வந்தா அதுவும் சொறிதான்." தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "உன்கிட்ட மட்டும் சொல்றேன். அன்னிக்குச் சுண்ணாம்பு கொதிக்கல."

அவள் வாயில் ரொட்டி நின்றது.

"போன வருஷ மூட்டை. வாய் கட்டாம ஈரத்துல கிடந்து செத்துப்போயிருந்துச்சு. தண்ணி ஊத்தினா ஒரு சத்தம் இல்ல, சூடு இல்ல. புது மூட்டைக்கு டவுனுக்குப் போகணும். மேகம் கட்டி நின்னுச்சா, ஒரு நாள் போயிடுமேன்னு பயம். கொதிச்சுதுன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏன் அண்ணி அவரை அப்படிப் பேசினீங்க?"

"கத்தி இருக்கேம்மா! சுண்ணாம்பு செத்ததுன்னா கத்தி சிவந்திருக்கணுமே. சிவந்தா அவன் நிறுத்தியிருக்கணும்ல? அதைப் பாத்துக்கிட்டே அடிச்சானேன்னுதான் எனக்கு ஆறல. பாத்தானா இல்லையா, நீ கூட இருந்தியே. நீ சொல்லு."

நிஜம் நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அக்காவும் தம்பியும் ஒன்றாகியிருப்பார்கள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன சொல் குறுக்கே நின்றது.

"நான் கவனிக்கல அண்ணி," என்றாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

அடுத்த வாரம் மழை பிடித்தது. ஐந்து நாள் விடாத தூறல், வெயிலே இல்லை. தப்பி நின்ற பிஞ்சுகளில் முதலில் மஞ்சள் புள்ளி, அப்புறம் புள்ளி தடித்து மரு. வியாபாரி வந்து வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, தோட்டத்துக்குள் கால் வைக்காமலே திரும்பிப் போனான். அக்கா மரத்தடியில் நின்று பிஞ்சுகளைத் தானே உருவி வாளியில் போட ஆரம்பித்தாள். விட்டுவைத்தால் அடுத்த வருஷத்துக்கும் அங்கிருந்தே நோய் கிளம்பும். அறுபத்திரண்டு மரத்தையும் மொட்டையடித்து முடிக்க இரண்டு பேருக்கும் ஆறு நாள் ஆனது. உருவ உருவ அவளுக்குப் பெற்ற பிள்ளையின் கையை முறிக்கிற மாதிரி இருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம், மறுபடி பிடித்த தூறலில் வீட்டுக்கு வந்தால் உள்ளே பேச்சுச் சத்தம். எலுமிச்சைத் தோட்டக்காரர் வந்திருந்தார். நூற்றுப்பத்து மரம் வைத்திருக்கிற ஆள். நனைந்த மழைக்கோட்டை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பல நாளுக்கப்புறம் நீலக்கையின் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"வாம்மா," என்றார் எலுமிச்சைக்காரர். "ஊர்ல ஆயிரம் சொல்லுவான். அக்கா தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும், நமக்கெதுக்கு அது? என் மரத்துல இப்பத்தான் பூ உதிருது. மழை விட்டதும் அடிச்சாகணும். வேற ஒருத்தனைக் கூட்டிட்டு வந்தேன், அவனுக்குத் துத்தத்துக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியல."

"நான் அடிச்சுத் தரேன்," என்றார் நீலக்கை. "ஒரு இலை கருகினாலும் என்னை மரத்துல கட்டி வைங்க."

"உங்க வீட்டம்மா வர வேண்டியதில்ல. வாளி தூக்க என் ஆளுங்க மூணு பேரு இருக்காங்க. நீங்க கலந்து பாத்துக் குடுத்தா மட்டும் போதும்."

அவள் நீலக்கையைப் பார்த்தாள். இப்போதாவது, இல்லை, அவளும் வரட்டும் என்று சொல்வார் என்று நினைத்தாள்.

"அதுக்கென்ன. அவ வராட்டி என்ன? கலக்கறது என் பொறுப்பு."

எலுமிச்சைக்காரர் தலையாட்டிவிட்டு, மழை விட்டதா என்று பார்க்க எழுந்து வாசலுக்குப் போனார். வெறுங்காலோடு போனார், சத்தமில்லை. நீலக்கை பேசிக்கொண்டே இருந்தார்.

"சுண்ணாம்பு மட்டும் புதுசா வாங்கி வைங்க. அது கொதிக்கறதை நானே வந்து பாக்கணும். எலுமிச்சை இலை மெல்லிசு, துத்தம் ஒரு பிடி குறைச்சுத்தான் போடணும். உங்க அப்பா காலத்துலயே நான் அடிச்சிருக்கேன். ஞாபகம் இருக்கா?"

அத்தனையும் நாற்காலியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்துத்தான் சொன்னார். பதிலுக்குக் காத்திருந்தார். வாசலில் நின்ற எலுமிச்சைக்காரர் திரும்பி, நாற்காலியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

அவள் உள்ளங்கையில் பிஞ்சின் பிசுக்கு இன்னும் ஒட்டியிருந்தது. இன்னும் நூற்றுப்பத்து மரத்தை உருவ அவளுக்குத் தெம்பு இல்லை.

"அவருக்குக் கண்ணு தெரியாதுங்க," என்றாள். "ரெண்டு வருஷமாவே தெரியல. அண்ணி தோட்டம் அதனாலதான் போச்சு. கத்திய மாத்தி வச்சது நான். அதைப் பாக்க அவரால முடியல. வயித்தெரிச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெளிய போய் எல்லார்கிட்டயும் இதைச் சொல்லுங்க."

"ஏய்!" என்று நீலக்கை எழுந்தார். மழைக்கோட்டைப் பார்த்துக் கையை ஆட்டினார். "அவ பேச்சைக் கேக்காதீங்க. அக்காகூடச் சேந்துக்கிட்டு அவளுக்குப் புத்தி பிசகிப்போச்சு. நான் வரேன். நாளைக்கே வரேன்."

"அண்ணே," என்றார் எலுமிச்சைக்காரர் வாசலிலிருந்து.

நீலக்கையின் கை நின்றது. தலை குரல் வந்த பக்கம் திரும்பியது. பிறகு மெதுவாக நாற்காலிப் பக்கம் வந்தது. எலுமிச்சைக்காரர் உள்ளே வந்து கோட்டை எடுத்துக்கொண்டு, அவருடைய தோளை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனார். எந்த நாளில் வரவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து நீலக்கை கையை நீட்டி நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"எப்ப எந்திரிச்சாரு?"

"நீங்க சுண்ணாம்பைப் பத்திப் பேச ஆரம்பிக்கிறதுக்கு முந்தியே," என்றாள் அவள்.